பெடிக்யூர் முடிந்து சில வாரம் கழித்து காலில் கட்டி: நகச் சேவைகளில் தொற்று எப்படி வருகிறது, வந்தால் என்ன செய்வது?

ஜெல் நெயில் பாலிஷில் சேர்க்கப்படும் டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்தது. அதற்கு முன், 2023 ஜனவரியில், ஜெல்லை உலர்த்தும் புற ஊதா விளக்கு பற்றி ஓர் ஆய்வு வெளிவந்து பரபரப்பானது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு, பார்லரில் நகம் செய்துகொள்வதே ஆபத்தோ என்ற சந்தேகம் வந்திருக்கிறது.

அந்த இரண்டு செய்திகளுக்கும் கடைசியில் வருவோம். அவற்றைவிட உடனடியான சிக்கல்கள் சில இருக்கின்றன. அவை செய்தியில் வருவதில்லை. நக ஓரத்தை வெட்டியதால் கோத்த சீழ், குதிகாலைச் சீவும்போது பட்ட வெட்டு, கால் ஊறவைத்த தொட்டித் தண்ணீரிலிருந்து வந்த கட்டி ஆகியவை அவை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு விஷயங்கள் வேண்டும். கிருமி தங்கியிருக்க ஓர் இடம், அது உடலுக்குள் நுழையத் தோலில் ஒரு திறப்பு. கிருமி தங்கும் இடத்தைச் சுத்தமாக வைப்பது கடைக்காரரின் வேலை. ஆனால் அந்தத் திறப்பை உண்டாக்காமல் இருப்பது பெருமளவு நம்மால் முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதுதான்.

நகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது

நாம் வெட்டுகிற, சாயம் பூசுகிற கடினமான பகுதி நகத்தட்டு. அதற்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் மென்மையான பகுதி நகப்படுகை. நகத்தின் இரு பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் வரம்பு கட்டினாற்போல் சுற்றியிருக்கும் தோல் நகமடிப்பு. அந்த மடிப்பின் விளிம்பிலிருந்து நகத்தின்மேல் சற்றே ஏறி ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் படலத்தைத்தான் க்யூட்டிகிள் என்கிறார்கள்.

பார்லரில் இதைத் தேவையில்லாத அழுக்குத் தோலாகவே பார்க்கிறார்கள். வெட்டினால் நகம் நீளமாகவும் 'நீட்'டாகவும் தெரியும் என்பது உண்மை. ஆனால் குழாய் இணைப்பில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டேப் செய்கிற வேலையைத்தான் க்யூட்டிகிளும் செய்கிறது. நகத்துக்கும் மடிப்புக்கும் நடுவே உள்ள இடுக்கை அது அடைத்து வைத்திருக்கிறது. புது நகம் உற்பத்தியாகும் நகவேர் அந்த இடுக்கின் அடியில்தான் இருக்கிறது. க்யூட்டிகிளை வெட்டி எடுத்துவிட்டால் தண்ணீருக்கும் சோப்புக்கும் கிருமிக்கும் நேர்வழி கிடைத்துவிடும்.

வாட்சன்வில்லில் நடந்தது

இந்த விஷயத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட நிகழ்வு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாட்சன்வில் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு நடந்தது. நான்கு பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்து ஆறாமல் இருப்பதை மருத்துவர் ஒருவர் கவனித்தார். நான்கு பேருமே ஒரே நகச் சலூனுக்குப் போய் வந்தவர்கள். செப்டம்பரில் அவர் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். விசாரிக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. முடிவில் அதே சலூனின் வாடிக்கையாளர்கள் 110 பேருக்குக் கட்டிகள் வந்திருந்தது தெரிந்தது.

கட்டியிலிருந்து எடுத்த மாதிரிகளில் வளர்ந்த கிருமி மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம். பெயரைப் பார்த்ததும் காசநோய் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் இது காசநோய் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாகவே வாழும் கிருமி இது. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரிலும் இருக்கக்கூடும். குளோரினைத் தாங்கும் திறன் மற்ற பல பாக்டீரியாக்களைவிட இதற்கு அதிகம்.

அப்படியானால் தினமும் குளிக்கிற நமக்கெல்லாம் ஏன் கட்டி வருவதில்லை? பதில் அந்தச் சலூனின் கால் தொட்டிகளில் இருந்தது. அவை தண்ணீரை உறிஞ்சி மறுபடி பீய்ச்சும் சுழல்நீர்த் தொட்டிகள். உறிஞ்சும் வாயை மூடி ஒரு வலைத்தட்டு இருக்கும். அங்கிருந்த பத்துத் தொட்டிகளிலும் அந்தத் தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பின்னால் முடியும் தோல் துகள்களும் அடையாகப் படிந்திருந்தன. தொட்டியின் வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்தவர்கள் தட்டைக் கழற்றியதே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், தின்னத் தோல் துகள், யாரும் தொடாத இருட்டு மூலை: கிருமிகள் அங்கே வழவழப்பான படலமாகப் படிந்து பெருகின. பத்துத் தொட்டிகளிலிருந்தும் அதே கிருமி கிடைத்தது.

என்னைப் பொறுத்தவரை விசாரணையின் முக்கியமான கண்டுபிடிப்பு இதற்கு அடுத்தது. ஒரே தொட்டியில் கால் வைத்தவர்களில் சிலருக்குக் கட்டி வந்தது, சிலருக்கு வரவில்லை. என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டார்கள். கட்டி வந்தவர்களில் 70 சதவீதம் பேர் பெடிக்யூருக்கு முன் கால் முடியை ரேசரால் மழித்திருந்தார்கள். வராதவர்களில் மழித்தவர்கள் 31 சதவீதம்தான். மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. பார்லருக்குப் போகிறோமே, கால் சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டில் செய்த காரியமே கிருமிக்கு வழியானது. கட்டிகள் பாதத்தில் வராமல் தண்ணீர் பட்ட கெண்டைக்கால் பகுதியில் வந்ததும் இதோடு பொருந்துகிறது.

கட்டிகள் ஆறப் பல மாதங்கள் ஆயின. ஒரு சிலருக்குக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆனது. ஆறிய பிறகும் தழும்பு நின்றது.

2001 மே மாதம் கலிபோர்னியா புதிய விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்குப் பிறகும் தொட்டியைக் கழுவிக் கிருமிநாசினி இட வேண்டும். நாள் முடிவில் வலைத்தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளீச் கலந்த நீரை 6 முதல் 10 மணி நேரம் தொட்டியில் விட்டு வைக்க வேண்டும். விதி வந்த பிறகும், 2004இல் அதே மாநிலத்தின் சான் ஹோசே பகுதியில் இதுபோன்ற தொற்று மறுபடி பரவியது. வாட்சன்வில் ஒரு விதிவிலக்கா என்று பார்க்க, கலிபோர்னியாவில் 18 சலூன்களின் 30 தொட்டிகளைச் சோதித்தார்கள். 29இல் மைக்கோபாக்டீரியா இருந்தது. கிருமி இல்லாத ஒரே தொட்டி, வாங்கிப் பதினோரு நாள் மட்டுமே ஆன புதுத் தொட்டி.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. தொட்டி பளபளப்பாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. குழாயும் வலைத்தட்டும் மோட்டாரும் உள்ள தொட்டியைவிட, ஒவ்வொருவருக்கும் கொட்டிக் கழுவுகிற சாதாரண பிளாஸ்டிக் பேசினே பாதுகாப்பானது. நம் ஊர்ச் சிறிய பார்லர்களில் பேசின்தான் இருக்கும்; அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.
2. மழிப்பது, வேக்ஸிங் செய்வது, முடி நீக்கும் கிரீம் பூசுவது எல்லாவற்றையும் பெடிக்யூருக்கு முந்தைய ஒரு நாளாவது நிறுத்தி வையுங்கள். கொசுக்கடியைச் சொறிந்த புண் இருந்தாலும் கால் ஊறவைப்பதைத் தவிருங்கள்.
3. கட்டி உடனே வராது, சில வாரங்கள் கழித்துத்தான் வரும். அதனால் பெடிக்யூரையும் கட்டியையும் சேர்த்துப் பார்க்க நமக்கே தோன்றாது. மருத்துவருக்கும் தோன்றாது. வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு இந்தக் கட்டி அடங்காது. இரண்டு மூன்று நாளில் முடியும் சாதாரணக் கிருமி வளர்ப்புச் சோதனையிலும் பிடிபடாமல் போகலாம். "ஒரு மாதத்துக்கு முன்னால் பெடிக்யூர் செய்தேன் டாக்டர்" என்று நீங்களாகவே சொன்னால், மைக்கோபாக்டீரியாவுக்கான தனிச் சோதனைக்கு அவர் அனுப்புவார். அந்த ஒரு வாக்கியம் மாதக்கணக்கான அலைச்சலைக் குறைக்கும்.

கழுவுதல், கிருமி நீக்கம், முழுக் கிருமி ஒழிப்பு

கருவிகள் விஷயத்தில் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்து அழுக்கை எடுப்பது கழுவுதல். கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைத்துப் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது கிருமி நீக்கம். தாங்கும் திறன் மிக்க பாக்டீரிய வித்துகள் (ஸ்போர்கள்) உட்பட எல்லாவற்றையும் அழிப்பது முழுக் கிருமி ஒழிப்பு. அதற்கு ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கருவி வேண்டும். அதில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் கருவிகள் இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். கழுவாமல் கிருமிநாசினியில் போட்டால் அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமி தப்பித்துவிடும். முக்கி எடுத்தாலும் போதாது. திரவத்தின் புட்டியில் எழுதியிருக்கும் நேரம், பல திரவங்களுக்கு 10 நிமிடம், முழுதும் மூழ்கியிருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் எழுந்ததும் அடுத்தவர் உட்காரும் கடையில், ஒரே ஒரு செட் கருவி இருந்தால் இது நடக்கவே முடியாது. ஆகவே "ஸ்டெரிலைஸ் பண்றீங்களா?" என்று கேட்பதைவிட "எத்தனை செட் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் உண்மை தெரியும்.

நீல வெளிச்சம் வரும் சிறிய பெட்டிக்குள் கருவிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்தப் புற ஊதா ஒளி, அது நேராகப் படும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். ஓரத் தோலை வெட்டும் நிப்பரின் கீல் இடுக்குக்குள் போகாது. சுத்தம் செய்த கருவியை வைக்க அது சரியான இடம். சுத்தம் செய்வதற்கான வழி என்று அதை நம்பக் கூடாது. மர எமரி கட்டை, பஞ்சு, ஆரஞ்சுக் குச்சி, பியூமிஸ் கல் போன்ற நுண்துளையுள்ள பொருட்களை எப்படிக் கழுவினாலும் சுத்தமாகாது. அவை ஒருவருக்கு ஒன்று என்றுதான் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து உங்களுடையதை எடுத்துப் போவதில் தயக்கமே வேண்டாம்.

இரத்தம் வழியே பரவுபவற்றில் கவலைப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தாக்கும் இந்த வைரஸ், உலர்ந்த இரத்தத் துளியில், கண்ணுக்கே தெரியாத அளவில், ஏழு நாள் வரை தொற்றும் திறனோடு இருக்கும். இந்தியாவில் இதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் நாடு முழுவதும் வந்தது 2011இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். நினைவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் அடுத்தடுத்த ஊசிகள்.

நகச்சுற்று

நகச் சேவைக்குப் பிறகு வரக்கூடிய தொற்றுகளில் நமக்கு நன்றாகப் பழக்கமானது இதுதான். நகமடிப்பில் பெரும்பாலும் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுழைந்து, சில நாளில் ஓரம் சிவந்து வீங்கித் துடிக்கும். இரவில் விண்விண் என்று தெறிக்கும்.

சீழ் கோக்காத நிலையில் வீட்டிலேயே கவனிக்கலாம். பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, 10 முதல் 15 நிமிடம் விரலை வைத்திருங்கள். பிறகு நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். பாலிஷ் இருந்தால் நீக்கிவிடுங்கள், அடியில் நடப்பது தெரிய வேண்டும். ஓரிரு நாளில் குறையவில்லை என்றாலோ, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சீழ் தெரிந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சிறு கீறல் போட்டுச் சீழை வெளியேற்றினால் வலி அன்றைக்கே பெருமளவு குறையும். சீழை வெளியேற்றாமல் ஆன்டிபயாடிக் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது பலருக்குப் பலன் தராது. பார்மசியில் ஏதாவது மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்குவது அதைவிட மோசம்.

எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வது நம் வீடுகளில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். குளிர்ச்சியில் துடிப்பு மட்டுப்படலாம். ஆனால் பிளந்த தோலில் புளிப்பு எரிச்சலைக் கூட்டும், விரல் இரவு முழுக்க ஈரத்தில் ஊறும், உள்ளே கோத்த சீழுக்கு அதனால் வழி கிடைக்காது. வீட்டில் ஊசியால் குத்துவது நிச்சயம் கூடாது. சீழ் விரல் நுனிச் சதைக்குள் இறங்கிவிட்டால் எலும்புவரை போகக்கூடிய தொற்றாக மாறும்.

நகச்சுற்று ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வலி குறைவாக, மடிப்பு உப்பி, க்யூட்டிகிள் காணாமல் போயிருந்தால் அது நாள்பட்ட வகை. ஓயாமல் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு வருவது. இங்கே கிருமியைத் துரத்துவதைவிடக் கையை உலர வைப்பதுதான் முதல் சிகிச்சை.

மற்றவை, சுருக்கமாக

பச்சை நகம்: செயற்கை நகத்துக்கும் இயற்கை நகத்துக்கும் நடுவே ஈரம் தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து பச்சை நிறம் தரும். அதன்மேல் மறுபடி பாலிஷ் பூசி மறைக்கக் கூடாது. செயற்கை நகத்தை எடுத்துவிட்டு நகத்தை உலர்வாக வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். கிருமி போன பிறகும் கறை நகம் வளர வளரத்தான் மறையும்; கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும்.

பூஞ்சை: நகம் தடித்து, மஞ்சளித்து, பொடிப்பொடியாக உதிரும். வேறு நோய்களிலும் நகம் இப்படி ஆகலாம் என்பதால், நகத் துகளைச் சோதித்துவிட்டு மருந்து தொடங்குவதே சரி. கால் நகம் முழுதாகப் புதுப்பிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும், பொறுமை வேண்டும்.

ஒவ்வாமை: ஜெல்லிலும் அக்ரிலிக் நகத்திலும் இருக்கும் அக்ரிலேட்டுகள் சரியாக உறையாமல் தோலில் பட்டால், விரல் நுனியில் அரிப்பும் கொப்புளமும் வரும். சிலருக்குக் கை போய்த் தொட்ட கண் இமையில் வரும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும். பல் அடைக்கும் பொருட்களிலும், சர்க்கரை அளவு பார்க்கத் தோலில் ஒட்டும் சென்சார்களின் பசையிலும் இதே குடும்ப வேதிப்பொருட்கள் உண்டு. அதனால் வீட்டில் தானே ஜெல் போட்டுக்கொள்பவர்கள் தோலில் படாமல் பூசுவதில் மிகுந்த கவனம் வைக்க வேண்டும்.

வெட்டு பட்டுவிட்டால்

1. அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடம் கழுவுங்கள். தொட்டித் தண்ணீரில் மறுபடி காலை வைக்காதீர்கள்.
2. சுத்தமான துணியால் ஐந்து பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இரத்தத்தை நிறுத்தப் படிகாரக் கட்டியைத் தடவ வந்தால் மறுத்துவிடுங்கள், அந்தக் கட்டி எத்தனை பேர் இரத்தம் பட்டதோ தெரியாது.
3. அந்தக் கருவி முன்பு வேறொருவருக்குப் பயன்படுத்தியதா, கிருமி நீக்கியதா என்று கேளுங்கள். திருப்தியான பதில் இல்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால், ஹெபடைடிஸ் பி பற்றி அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தொற்றுக்குப் பிந்தைய தடுப்பு 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.
4. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.
5. காயம் ஆறும்வரை பாலிஷும் ஜெல்லும் வேண்டாம். தினமும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் சிவப்பு பரவுகிறதா என்று ஒப்பிடலாம்.

சிவப்பு மேல்நோக்கிப் பரவினால், காலிலோ கையிலோ சிவப்புக் கோடு ஓடினால், தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால், விரலை மடக்க முடியாமல் போனால், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

காத்திருக்கவே கூடாதவர்கள்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறையும், இரத்த ஓட்டமும் குறையும். வெந்நீர் சூடு தெரியாது, வெட்டு பட்டது தெரியாது, பட்ட காயம் ஆறாது. பிறந்தநாளுக்கு அம்மாவையோ மாமியாரையோ ஸ்பா பெடிக்யூருக்கு அழைத்துப் போகிறவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும். ஊறவைத்தல் இல்லை, குதிகால் சீவுதல் இல்லை, ஓரத்தைத் தோண்டுதல் இல்லை. நகத்தை நேராக வெட்டிப் பாலிஷ் போட்டால் போதும். சிறு புண் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையிலோ ஸ்டீராய்டு மருந்திலோ இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

குதிகாலைச் சீவும் பிளேடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியா உட்பட அமெரிக்காவின் பல மாநிலங்களில் சலூன்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. செத்த தோல் எங்கே முடிகிறது, உயிருள்ள தோல் எங்கே தொடங்குகிறது என்பது சீவுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. "அக்கா, ஓரத் தோலை வெட்ட வேண்டாம், லேசா தள்ளி மட்டும் விடுங்க. பிளேடும் வேண்டாம்" என்றால் போதும். பணத்தை வாங்கிக்கொண்டு சேவை செய்யும் எவரும் இதற்கு முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.

டிபிஓவும் புற ஊதா விளக்கும்

டிபிஓ, விளக்கொளி பட்டதும் ஜெல்லை உறைய வைக்கும் பொருள். விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத் திறனைப் பாதித்ததால் ஐரோப்பிய ஒன்றியம் அதை அழகுப் பொருட்களில் தடை செய்தது. ஏற்கெனவே ஜெல் போட்டுக்கொண்டவர்கள் இதை நினைத்துப் பதற வேண்டியதில்லை. நன்றாக உறைந்த ஜெல்லில் அது மிகக் குறைவாகவே மிஞ்சும். டிபிஓ இல்லாத ஜெல்கள் கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம்.

2023 ஆய்வைச் செய்தது சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். கண்ணாடித் தட்டில் வளர்த்த மனித, எலி உயிரணுக்கள்மேல் 20 நிமிடம் ஒளி பட்டதும் 20 முதல் 30 சதவீதம் மடிந்தன. பிழைத்தவற்றில் மரபணுச் சேதமும் தெரிந்தது. ஆனால் தட்டிலிருக்கும் உயிரணுவுக்கு நம் விரலுக்கு இருப்பதுபோல் மேல்தோல் கவசம் கிடையாது, பார்லரில் ஒரு பூச்சுக்கு விளக்கில் கை இருப்பதும் சில நிமிடமே. புற்றுநோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இருந்தாலும் அடிக்கடி ஜெல் போடுகிறவர்கள், விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறை அணிந்துகொள்வதோ முன்கூட்டியே கைகளில் சன்ஸ்கிரீன் பூசுவதோ நல்லது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்

மாதம் ஒருமுறை போகிறவருக்கே இவ்வளவு என்றால், நாள் முழுக்க இதே நீரிலும் தூசியிலும் வேதிப்பொருளிலும் கை வைக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாள்பட்ட நகச்சுற்றும் அக்ரிலேட் ஒவ்வாமையும் அவருக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஒவ்வாமை முற்றினால் தொழிலையே விட நேரும். அக்ரிலேட்டுகள் மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதால், பட்டதும் கையுறையை மாற்ற வேண்டும். கடை நடத்துகிறவர்கள் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஏற்பாடு செய்வதும், நகம் தேய்க்கும் மேசையருகே காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைப்பதும், ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவே கருவி ஊறும் 10 நிமிட இடைவெளியைச் சம்பளம் பிடிக்காமல் கொடுப்பதும் அவசியம். அந்த இடைவெளி கிடைக்காத ஊழியரிடம் வாடிக்கையாளர் எவ்வளவு கேள்வி கேட்டாலும் கருவி சுத்தமாகாது.